பின்கட்டு முற்றம் உள்வாங்கின கதை: உங்கள் வீட்டிலும் நடந்ததா?

பள்ளத்தூர்ப் பேரன்

வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சொல்லவில்லை. அதற்கும் பின்னால், கிணற்றடிக்குப் போகிற வழியில் இருக்கிற முற்றம். 2009ல் பழைய கல்தளத்தைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் போட்டோம். கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் அந்த மூலையில்தான் தரைக்குள் போகும்.

அப்பத்தா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், "குடத்த வச்சா சாயுதுடா" என்று. குடத்தின் அடி நசுங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். காரைக்குடியிலிருந்து புதுக் குடம்கூட வாங்கிக் கொடுத்தேன். அதுவும் சாய்ந்தது. "வயசாச்சுல்ல, ஒனக்கு எல்லாமே சாஞ்சுதான் தெரியும்" என்று கிண்டல் வேறு.

முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கு வெளியூர்ப் பங்காளிகள் எல்லாரும் வருகிறார்கள் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் டேப்பே எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நடந்தார். அப்புறம் கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். அந்த மூலையில் மட்டும் "பொத்". விரிசலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். நின்று பார்த்தோம், போயே போய்விட்டது. இன்னொரு வாளி. மொத்தம் 11 வாளி ஊற்றியும் ஒரு சொட்டு மேலே வரவில்லை. காதைத் தரையில் வைத்தால் உள்ளே ஓடுகிற சத்தம் கேட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இந்தப் பக்கம் யாரும் உக்காராமப் பாத்துக்கங்க" என்றார்.

அப்பத்தா தினமும் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற இடம் அதுதான். சரி, உடைத்துப் பார்த்தோம், மறுபடி போட்டோம், முடிந்தது. ஆனால் அந்த 11வது வாளி மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா?

வளவுக்காரி

நடந்தது, வேறு மாதிரி. எங்களுக்கு வந்தவர் உடைக்கவே வேண்டாம் என்றார். பள்ளத்தை நிரவி, மேலே இரண்டு அங்குலம் கலவை, அதன் மேல் டைல்ஸ், மூன்று நாளில் வேலை முடியும் என்றார். முடித்தும் கொடுத்தார். தரை உயர்ந்ததில் தண்ணீர் போகிற துவாரம் பாதி மூடிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி. கரண்ட் இல்லை. டார்ச் அடித்தால் இரண்டாம் கட்டு முழுக்கத் தண்ணீர். அடியில் ஆத்தங்குடிக் கல் அத்தனையும் அப்போதுதான் எண்ணெய் போட்டுத் துடைத்த மாதிரி பளபளவென்று மின்னுகிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். என் மாமியார் நிலைப்படியில் நின்றுகொண்டு "செருப்பெல்லாம் மெதக்குது பாரு" என்றார், ஏதோ தெப்பம் பார்க்கிற மாதிரி.

அடுத்த வருடம் அதே மூலை மறுபடி இறங்கியது, டைல்ஸோடு.

மட்டக்குழாய்

28 வருடம் சைட்டில் இருந்தவன். என் வீட்டிலேயே கார் நிற்கிற தளம் இறங்கியது, நானே வெட்கப்பட்டு நானே சரிசெய்தேன், அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே சிலதைச் சொல்லியாக வேண்டும். கான்கிரீட் தானாக இறங்காது, கீழே இருக்கிற மண்தான் போகும். அஸ்திவாரம் தோண்டின மண்ணைத் திரும்பத் தள்ளி, திமிசு போட்டு இடித்து இறுக்காமல் மேலே தளம் போட்டிருப்பார்கள். அது இரண்டு மூன்று மழைக்குப் பிறகு அமுங்கும். இல்லையென்றால் குழாய் மூட்டு விட்டிருக்கும், தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும். இல்லை, பெருச்சாளி. இல்லை, எப்போதோ மூடின கழிவுக் குழி. எது என்று தெரியாமல் மேலே பூசுவது, புண்ணுக்கு மேல் சட்டை போடுகிற வேலை.

வளவுக்காரி அவர்களே, அந்த ஆள் உங்கள் பிரச்சினையை இன்னும் கனமாக்கிவிட்டுப் போயிருக்கிறார். நாலு அங்குலக் கனத்தில் 100 சதுர அடி கான்கிரீட் இரண்டு டன்னுக்கு மேல் எடை. ஏற்கெனவே பொள்ளலாக இருக்கிற மண் மேல் இன்னும் இரண்டு அங்குலம் ஏற்றினால் என்ன ஆகும்? மண் அமுங்கி முடிந்து, வருடக்கணக்காக அசையாத தளம் என்றால் மேலே பூசலாம், தப்பில்லை. அதுவும் கொத்திவிட்டு, கழுவி, சிமெண்ட் பால் அடித்துத்தான்.

உடைத்துப் போடுகிறவர்களுக்கு: கிராவலை ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். ஆறு அங்குலம் போடு, தண்ணீர் விடு, திமிசு போடு, அப்புறம் அடுத்த ஆறு அங்குலம். தண்ணீர் நிரப்பின மட்டக்குழாய் பிடித்து வாட்டம், அதாவது சரிவு பாருங்கள், 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது வீட்டை விட்டு வெளிப்பக்கம் இறங்க வேண்டும். சுவரோடு ஒட்டிப் போடாமல் இடைவெளி விடுங்கள். 10 அடிக்கு ஒரு வெட்டு கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவே தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்துக்கொள்ளும். ஏழு நாளாவது ஈரம் காயாமல் சாக்குப் போட்டு வையுங்கள். ஒருநாள் காலையில் தண்ணீர் தெளித்துவிட்டு "கியூரிங் பண்ணியாச்சு" என்று சொல்கிற வீட்டுக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

நுரை ஏற்றித் தூக்குகிற முறையும் இருக்கிறது. தளத்தில் சின்னத் துளை போட்டு பாலியூரிதேன் செலுத்தினால் அது உப்பி, தளத்தை மேலே தூக்கும். சென்னையில் ஒரு கிடங்கில் பார்த்தேன். நம் முற்றத்துக்கு அது யானை வாங்குகிற செலவு.

கோட்டையூரான்

மட்டக்குழாய் அண்ணே, பாடம் நல்லா இருக்கு. ஆனா துளை போடுகிற கதையை என்னிடம் கேளுங்கள்.

எங்களுக்கு உடைக்க மனசில்லை. மூன்றடிக்கு ஒரு துளை போட்டு, சிமெண்டைத் தண்ணியாகக் கரைத்து உள்ளே விட்டால் பொள்ளல் அடைந்துவிடும் என்றார்கள். விட்டோம். நாலாவது மூட்டையும் போனது, ஐந்தாவதும் போனது. "நல்லா குடிக்குது, நல்லா குடிக்குது" என்று மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். ஒன்பதாவது மூட்டை கரைக்கும்போது எதிர்வீட்டுச் சித்தப்பா தெருவிலிருந்து கத்துகிறார்: "டேய், என்னடா வாய்க்கால்ல பால் ஓடுது?"

ஓடிப் போய்ப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று போய்க்கொண்டிருக்கிறது, ஒன்பது மூட்டையும். பெருச்சாளி தோண்டின வளை முற்றத்திலிருந்து தெரு வாய்க்கால் வரைக்கும் இருந்திருக்கிறது. தரை ஒரு நூல்கூட ஏறவில்லை. வாய்க்காலைக் கொத்தி எடுக்க இரண்டு ஆள் கூலி வேறு. சித்தப்பா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "பால் எப்படிடா?" என்றுதான் கேட்பார்.

தேவகோட்டை ரஸ்தா

நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. பள்ளத்தூர்ப் பேரன், இருந்த கல்தளத்தை ஏன் ஐயா பெயர்த்தீர்கள்?

எங்கள் வீட்டில் இன்னும் கல்தான். ஒரு கல் இறங்கினால் அந்த ஒன்றை மட்டும் கடப்பாரையால் நெம்பி, மணல் போட்டு, திரும்ப வைத்துவிடுவோம். அரை நாள் வேலை. ஒருமுறை அப்படித் தூக்கும்போது அடியில் ஒரு பித்தளைத் தாயக்கட்டை கிடந்தது. அதன் ஜோடி எங்கள் ஐயா பெட்டியில் இருக்கிறது. ஒற்றைக் கட்டையை ஏன் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், திட்டுத்தான் விழுந்தது. கண்டெடுத்தபோது அவர் இல்லை.

கான்கிரீட்டுக்கு அடியில் என்ன கிடந்தாலும் உடைத்தால்தானே தெரியும்.

மட்டக்குழாய்

கல் நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் கல்லுக்கு நடுவில் சந்து அடைக்காமல் விட்டால் தண்ணீர் அது வழியாக இறங்கி அஸ்திவாரத்துக்குப் போகும். அதையும் சொல்லுங்கள். தாயக்கட்டை விழுகிற அளவுக்குச் சந்து இருந்திருக்கிறதே!

வளவுக்காரி

பேரன், கடைசியில் என்ன காரணம் என்று சொல்லவே இல்லையே?

பள்ளத்தூர்ப் பேரன்

ரஸ்தா அண்ணே, கல்லைப் பெயர்த்தது அப்பா முடிவு. அந்தக் கல் எல்லாம் பின்வாசலில் அடுக்கிக் கிடக்கிறது, தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

காரணம் குழாய். தரைக்குள் திரும்புகிற இடத்தில் வளைவு கழன்று, கூரைத் தண்ணீர் முழுக்க மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. உடைத்த பிறகு கையை விட்டேன், தோள்பட்டை வரைக்கும் போனது. குழாயை மாற்றி, கிராவல் போட்டு அமுக்கி, புதுத் தளம் போட்டாயிற்று. மட்டக்குழாய் சொன்ன அதே வாட்டம்தான் கொத்தனாரும் விட்டார்.

வாட்டம் விட்டதில் குடம் இப்போதும் லேசாகச் சாய்கிறது. அப்பத்தா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஓட்டாஞ்சில்லு எடுத்து அடியில் வைத்துக்கொண்டார்.