புல் உறையும் குளிரில் 85 டிகிரி காட்டும் சென்சார்

கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கார்னேஷன் பூ வளர்க்கும் பசுமைக்குடில்கள் இருக்கின்றன. உறைபனி எச்சரிக்கைக்காக டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார்களை கேட்6 நெட்வொர்க் ஒயரில் இழுத்து, இஎஸ்பி32 என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு வழியாக ஹோம் அசிஸ்டன்ட் என்ற ஆட்டோமேஷன் மென்பொருளில் சேர்த்தேன். கிட்டத்தில் இருப்பவை சரி. கடைசிக் குடிலில் இருப்பது மட்டும், விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்போது, 85 டிகிரி என்கிறது! அளக்கத் தொடங்கும் முன் அந்தச் சிப்பில் இருக்கும் மதிப்பு அது. கரன்ட் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை போல.

இப்போது 3.3 வோல்ட், மூன்று ஒயர், டேட்டா ஒயரை வோல்ட்டேஜோடு இணைக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர். ஒரே பெட்டியிலிருந்து ஒவ்வொரு குடிலுக்கும் தனி ஒயர் பிரிகிறது. டேட்டாவை 3.3இலேயே விட்டு, சென்சாருக்கு மட்டும் 5 வோல்ட் கொடுத்தால் போதுமா? இல்லை, எல்லாவற்றையும் ஒரே நீள ஒயரில் வரிசையாகக் கோர்க்க வேண்டுமா? நீண்ட தூர ஒயருக்கான ஆர்எஸ்485 முறைக்கு மாறச் சொல்கிறார் கடைக்காரர், அவருக்கென்ன! இவ்வளவு தூரம் இழுத்துப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.