இளம் டெரியரைத் தோட்டத்தில் துரத்த விடலாமா?

தேயிலைக்காரன் (கோத்தகிரி):
எங்கள் வீட்டு ஜாக் ரஸ்ஸல் டெரியருக்கு ஒன்பது மாதம் ஆகிறது. வீட்டுக்குள் ஒரு முறை கூப்பிட்டால் ஓடி வருகிற நாய், பின்புறத் தோட்டத்தில் கால் வைத்ததும் யாருடைய நாயோ என்பதுபோல் மாறிவிடுகிறது. தடுப்புச் சுவரின் கல் இடுக்குகளில் மூக்கை நுழைத்துக்கொண்டு, மண்ணைத் தோண்டியபடி நிற்கிறது. வேலிக்கு அப்பால் உள்ள தேயிலையில் செடிகளை வெட்டிக் குட்டையாக்கும் கவாத்து இப்போதுதான் முடிந்திருப்பதால், மறைவிழந்த முயல்கள் கண்ணில் படுகின்றன. அவற்றைக் கண்டால் கோழி ஈரலை நீட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டில் கோழிகளும் இருக்கின்றன. இதை வளர வளரச் சரியாகிவிடும் என்று விட்டுவிடலாமா, இப்போதே கட்டுப்படுத்த வேண்டுமா?

குன்னூர்க்காரர்:
நண்பரே, கவலையே வேண்டாம். நீங்கள் வாங்கியிருப்பது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கான நாய் அன்று. இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல், 1819 இல் ட்ரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கித் தொடங்கிய வழிவந்தது இந்த இனம். நரி பதுங்கிய வளைக்குள் நுழைவதற்கென்றே வளர்க்கப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தேர்ந்தெடுத்து ஊட்டிய குணத்தை, ஈரல் துண்டைக் காட்டி ஒரு பருவத்தில் அழித்துவிட முடியாது. வேலியைச் சரியாகப் போட்டுவிட்டுத் தோட்டத்தை நாயிடம் ஒப்படையுங்கள். பெருச்சாளித் தொல்லை குறையும், நாயும் களைத்துப்போய் இரவில் அமைதியாகத் தூங்கும். கட்டிப்போட்டு வளர்த்த டெரியர்கள் ஓயாமல் குரைப்பதையும், தம் வாலைத் தாமே கடிப்பதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மலையரசி (உதகை):
ஐயா, இயல்பை அழிக்க முடியாது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த இயல்பு ஒரே துண்டாக இருப்பதில்லை. மோப்பம் பிடிப்பது, உற்றுப் பார்ப்பது, துரத்துவது, கவ்வுவது, உலுக்கிக் கொல்வது என்று கட்டம் கட்டமாக வருகிறது. எந்தக் கட்டத்தை வளர்ப்பது, எதைத் தணிப்பது என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்ததால்தான் இனங்களே வேறுபட்டன. நீங்கள் குறிப்பிட்ட அதே ரஸ்ஸல் பாதிரியார், வளைக்குள் நரியைக் கொன்றுவிடும் நாயை விரும்பியவர் அல்லர். நரி உயிரோடு வெளியே ஓடினால்தானே வேட்டை நாய்கள் அதைத் தொடர முடியும்? ஆகவே அடக்கம் இந்த இனத்துக்கு அந்நியமானது என்று சொல்வதற்கில்லை.

தோட்டத்தை நாயிடம் ஒப்படைப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. துரத்துவது நாய்க்குத் தன்னளவிலேயே கூலி. முயல் கிடைக்காவிட்டாலும் ஓடிய ஓட்டத்திலேயே கூலி கைக்கு வந்துவிடுகிறது. நாம் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அது ஓடிக்கொண்டே இருந்தால், நம் குரலுக்குப் பொருள் இல்லை என்பதை நாளுக்கு நாள் நாமே கற்பித்துக்கொண்டிருக்கிறோம். ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையிலான விடலைப் பருவத்தில் இப்படிப் படிகிற பழக்கம் எளிதில் போகாது.

எனவே கேட்டவருக்கு என் யோசனை இது: தோட்டத்துக்கு நாயைத் தனியாக அனுப்பாதீர்கள். கழுத்துப் பட்டையில் இல்லாமல் மார்புப் பட்டையில் ஏறக்குறைய பத்து மீட்டர் கயிறு கட்டி, அதன் முனை உங்கள் கையிலோ காலடியிலோ இருக்கட்டும். பிறகு நாயின் முகத்தைக் கவனியுங்கள். வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டிருக்கும் நாய், இரையைக் கண்டதும் முதலில் வாயை மூடும். காதுகள் முன்னே வரும், வால் விறைக்கும், ஒரு முன்னங்கால் மேலே எழும். வாய் மூடிய அந்த நொடியில் கூப்பிட்டால் பலன் உண்டு. கால் எழுந்த பிறகு நாம் போடுகிற கூச்சல் எதிர்மலைக்குத்தான் கேட்கும். அணிலைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் உடனே ஈரலைக் கொடுங்கள், சில வேளைகளில் ஈரலுக்குப் பதிலாக அந்த மரத்தடிக்கே அழைத்துச் சென்று மோப்பம் பிடிக்க விடுங்கள். அது விரும்பியது உங்கள் வழியாகவே கிடைக்கிறது என்று நாய் அறிந்துகொள்ள வேண்டும். இதை முதலில் கூடத்திலும், அடுத்து முன்வாசலிலும், கடைசியாகத்தான் தடுப்புச் சுவருக்கு அருகிலும் பழக்க வேண்டும். ஈரக்காற்றில் வாசனை நெடுநேரம் தங்குகிற நம் மலையில், நாய்க்கு அந்தச் சுவரைவிடக் கடினமான வகுப்பறை வேறு இல்லை.

குன்னூர்க்காரர்:
கயிறு கட்டிப் பழக்குவதை நான் தவறென்று சொல்லவில்லை, அம்மா. ஆயினும் நீங்கள் சொல்வதில் நாய்க்கு வடிகால் எங்கே இருக்கிறது? பார்த்தால் ஈரல், திரும்பினால் ஈரல் என்றால் வயிறு நிறையும், உள்ளே இருக்கும் வேகம் எங்கே போகும்? முயலை விட்டுவிடலாம், ஒப்புக்கொள்கிறேன். பெருச்சாளியைக் கொல்வதில் என்ன குற்றம்?

ஹட்டிவாசி:
இருவருமே வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு பேசுகிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களின் ஓரத்தில் காட்டுப்பன்றிக்காகச் சட்டத்துக்கு மாறாகச் சுருக்குக் கம்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள்; அதில் சிறுத்தையே மாட்டிச் செத்திருக்கிறது. முயலைத் துரத்தி வெளியே போகிற குட்டி நாய் எம்மாத்திரம்? அந்தி சாய்ந்த பிறகு தோட்டத்தில் குரைக்கும் நாய், சிறுத்தைக்கு இருக்குமிடம் சொல்லி அழைப்பதாகத்தான் முடியும். மேலும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை, நாயை ஏவித் துரத்துவதும் அதில் அடங்கும். முயலும் கீரியும் காட்டுக்கோழியும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. என் நாய் தானாகத்தான் ஓடியது என்று வனத்துறையிடம் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

புதியவன்:
இவ்வளவு பாடு எதற்கு? மின் அதிர்வு தரும் கழுத்துப் பட்டை இணையத்தில் கிடைக்கிறதே.

மலையரசி:
வேண்டவே வேண்டாம். அதிர்வு விழும் நொடியில் பக்கத்து வீட்டுக் குழந்தை எதிரே வந்தால், நாய் அந்த வலியைக் குழந்தையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளக்கூடும். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் அதற்குத் தடை இருக்கிறது.

வடிகால் பற்றிய குன்னூர் ஐயாவின் கேள்வி நியாயமானது. நீண்ட கம்பின் நுனியில் கயிறு கட்டி, அதில் பழைய துணி முடிச்சைத் தொங்கவிட்டுத் தரையோடு இழுங்கள். நாய் துரத்தட்டும், கவ்வட்டும், உலுக்கட்டும். இடையிடையே கம்பை அசையாமல் நிறுத்தி, அது கவ்விய துணியை விட்டுவிட்டு உட்கார்ந்தால்தான் ஆட்டம் தொடரும் என்று பழக்குங்கள். இளம் மூட்டுகளுக்கு ஆகாது என்பதால் உயரத் தாவ விடாமல் சிறிது நேரத்தில் முடித்துவிட வேண்டும். தோண்டுவதற்குத் தோட்டத்தின் ஒரு மூலையில் மணல் குழி அமைத்து உள்ளே எலும்பைப் புதைத்து வையுங்கள். வேறு இடத்தில் தோண்டினால் திட்டாமல் அந்தக் குழிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெருச்சாளிக்குச் சட்டத் தடை இல்லைதான். ஆனால் நஞ்சு தின்று தள்ளாடும் எலியே நாயின் வாயில் எளிதில் சிக்குகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை நஞ்சு உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து படுக்கும்போதுதான் தெரியவரும். அப்போது தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசென்றால் கே1 வைட்டமின் சிகிச்சையால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. எலிக்காய்ச்சலுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும். பக்கத்துத் தோட்டங்களில் யார் எப்போது மருந்து வைக்கிறார்கள் என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா, ஐயா?

குன்னூர்க்காரர்:
பக்கத்துத் தோட்டத்துக்கு நான் பொறுப்பேற்க முடியாது, அதை ஏற்கிறேன். என் விறகுக் கொட்டகைக்குள் நான் நஞ்சு வைப்பதில்லை, அங்கே என் நாய் எலி பிடிப்பதை நிறுத்தவும் போவதில்லை. தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்படுகிறது. ஆனால் கோத்தகிரி நண்பரின் நாய் இன்னும் குரலுக்கே கட்டுப்படாதது என்பதால், அவருக்கு நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்: கூப்பிட்டால் வருகிற வரை கொட்டகையும் வேண்டாம். வேலிக் கம்பிவலையை மட்டும் தரையோடு நிறுத்தாமல், அடியில் உள்பக்கமாக ஒன்றரை அடி மடக்கி மண்ணுக்குள் புதையுங்கள். டெரியர் வேலியின் அடியில்தான் தோண்டும். சற்றுப் பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றுவது அரிது.

தேயிலைக்காரன்:
நன்றி. நாளை கம்பிவலை வாங்கப் போகிறேன். ஒரே ஓர் ஐயம்: தடுப்புச் சுவரின் கல் இடுக்குகளைச் சிமெண்டு பூசி அடைத்துவிட்டால் எலி நடமாட்டமும் நிற்கும் அல்லவா?

ஹட்டிவாசி:
முழுவதையும் அடைத்துவிடாதீர்கள், மழைநீர் வெளியேற வழியின்றி ஐப்பசி மழையில் சுவரே சரிந்துவிடும். நீர் வடியும் துளைகளின் வாயில் சிறு கண் கம்பிவலையைச் செருகினால் போதும்.