கலைச்சொல்: 'முன்னோக்கு இரகசியம்' வேண்டாம், 'சென்றது காப்பு' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மின்கற்றல் அமைப்புகளின் பாதுகாப்புச் சொற்பட்டியலில், forward secrecy என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'முன்னோக்கு இரகசியம்' என்பதையே இறுதி செய்துவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். சற்றுப் பொறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சொல் மாணவரை நேர் எதிர்த் திசைக்கு அனுப்பிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தச் சொல் குறிக்கும் பண்பு என்ன என்பதை முதலில் பார்ப்போம். கற்றல் தளத்தை இயக்கும் வழங்கியிடம் (server), அதன் அடையாளத்தை மெய்ப்பிக்கும் சான்றிதழோடு பிணைந்த நெடுங்காலத் திறவுகோல் (key) ஒன்று இருக்கிறது. பழைய முறையில், மாணவரின் உலாவி ஓர் இரகசிய எண்ணை உருவாக்கி, வழங்கியின் ஆர்.எஸ்.ஏ. பொதுத் திறவுகோலால் அதைப் பூட்டி அனுப்பும் (ஆர்.எஸ்.ஏ. முறையில் பூட்டுவது எவருக்கும் தெரிந்த பொதுத் திறவுகோல், திறப்பது வழங்கி மறைத்து வைத்திருக்கும் தனித் திறவுகோல்). அந்த ஓர் உரையாடலை மட்டும் பூட்டும் அமர்வுத் திறவுகோல் அந்த எண்ணிலிருந்து பிறக்கும். இடையில் ஒருவர் போக்குவரத்து முழுவதையும் பதிவுசெய்து வைத்தாலும் இன்று அவருக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் சில ஆண்டுகள் கழித்து வழங்கியின் தனித் திறவுகோல் அவர் கைக்கு வந்தால், அத்தனையும் திறந்துகொள்ளும். விடைத்தாள்கள், மதிப்பெண்கள், ஆலோசகருக்கு ஒரு மாணவர் மனம்விட்டு எழுதிய மடல்கள், எல்லாமே.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. 2014 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்த ஹார்ட்பிளீட் என்னும் மென்பொருள் ஓட்டையில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழங்கியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை கசிந்தது. தனித் திறவுகோலையே அந்த வழியில் எடுக்க முடியும் என்பது அப்போது செய்துகாட்டப்பட்டது.

இரகசியத்தை அனுப்பாமலேயே இரு முனைகளும் ஒரே திறவுகோலை உருவாக்கிக்கொள்ளும் முறையை டிஃபியும் ஹெல்மனும் 1976இல் வெளியிட்டார்கள். அதை அமர்வுக்கு அமர்வு புதிய எண்களோடு பயன்படுத்தி, வேலை முடிந்ததும் அந்த எண்களை அழித்துவிட்டால் இந்த ஆபத்து நீங்கும். நெடுங்காலத் திறவுகோலுக்குக் கையொப்பமிட்டு அடையாளத்தை மெய்ப்பிக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். நாளை அது கசிந்தாலும் நேற்றைய உரையாடலைத் திறக்க உதவாது. உலாவிக்கும் வழங்கிக்கும் இடையிலான இணைப்பைக் காக்கும் நெறிமுறையான டி.எல்.எஸ்.ஸின் 1.3 பதிப்பு (2018 ஆகஸ்ட்), பழைய ஆர்.எஸ்.ஏ. திறவுகோல் பரிமாற்றத்தை அடியோடு நீக்கியதற்கு முக்கியக் காரணம் இதுவே.

ஆகவே காக்கப்படுவது கடந்துபோன உரையாடல். 'முன்னோக்கு' என்று படிக்கும் மாணவர் எதிர்காலம் காக்கப்படுகிறது என்றே எண்ணுவார். திறவுகோல் கசிந்த பிறகு, சான்றிதழ் திரும்பப் பெறப்படும் வரை, திருடியவர் வழங்கியாகவே வேடமிடலாம். அதை இந்தப் பண்பு தடுப்பதில்லை. தடுக்கும் என்று நம்பிக்கொண்டு ஒருவர் அமைப்பை வடிவமைத்தால் அது சொல்லின் குற்றம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'முன்பு வந்தார்' என்றால் கடந்த காலம். 'முன்னே இருக்கிறது' என்றால் இனி வரப்போவது. 'பின்' என்பதும் அப்படித்தான்: 'பின்பு பார்க்கலாம்' என்பது வருங்காலம், 'பின்னே திரும்பிப் பார்த்தால்' என்பது கடந்தது. இந்த இரு சொற்களையும் வைத்துக் காலத் திசை காட்டும் கலைச்சொல் எதை ஆக்கினாலும் வாசகர் பாதிப் பேர் இடறுவார்கள்.

> 'முன்னோக்கு', 'பின்னோக்கு' என இணையாக வைத்தால் ஆய்வுக் கட்டுரைகளோடு ஒத்துப்போகுமே?

ஐயா, அந்த ஆய்வுக் கட்டுரைகளே தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. குழுத் திறவுகோல் மேலாண்மை பற்றிய எழுத்துகளில் இதே ஆங்கிலச் சொல், குழுவிலிருந்து விலகியவர் அதற்குப் பிறகு வரும் செய்திகளைப் படிக்க முடியாமை என்று பொருள்படுகிறது. அங்கே காக்கப்படுவது வருங்காலம். புதிதாகச் சேர்ந்தவர் பழையவற்றைப் படிக்க முடியாமையை அதன் எதிர்ச்சொல்லால் குறிக்கிறார்கள். இணைய வகுப்பறைகளைப் பற்றி எழுதும் நமக்கு இரண்டு துறைகளும் வேண்டும். வழங்கி இணைப்பைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு பொருளும், நேரலை வகுப்பைப் பற்றிய அத்தியாயத்தில் அதன் தலைகீழும் ஒரே சொல்லுக்கு வந்தால் மாணவர் என்ன செய்வார்? அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

குழுவின் நிலையைச் சற்று விரித்துச் சொல்கிறேன், சொல் அங்கேதான் சோதிக்கப்படும். 1,024 பேர் கேட்கும் வகுப்பில் ஒருவர் விலகினால் திறவுகோலை மாற்ற வேண்டும். மற்ற 1,023 பேருக்கும் தனித்தனியே பூட்டி அனுப்பலாம். அல்லது திறவுகோல்களை இருகிளை மரமாக அடுக்கி வைத்தால், பத்து நிலைகள் கொண்ட அந்த மரத்தில் இருபது அளவிலான பூட்டல்களோடு வேலை முடிந்துவிடும். ஒருவர் சேரும்போதும் மாற்றலாம். ஆனால் கற்றல் தளத்தில் அதை நாம் எப்போதும் விரும்புவதில்லை. தாமதமாகச் சேர்ந்த மாணவருக்குப் பழைய பாடங்கள் கிடைக்க வேண்டும் என்பதே ஆசிரியரின் எண்ணமாக இருக்கும். மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டவை மட்டும் கிடைக்கக் கூடாது. எந்த நிகழ்வில் எந்தக் காலம் காக்கப்படுகிறது என்பதைச் சொல் வெளிப்படையாகக் காட்டினால்தான் வடிவமைப்பவர் இதைப் பிரித்து யோசிப்பார்.

என் முன்மொழிவு இது: 'சென்றது காப்பு', 'வருவது காப்பு'. நிகழ்வையும் சொல்ல வேண்டிய இடத்தில் முன்னே ஒரு சொல் சேரட்டும். டி.எல்.எஸ். தருவது 'கசிவில் சென்றது காப்பு'. கசிவுக்குப் பிறகும் புதிய எண்களைக் கலந்து உரையாடல் தன்னைத்தானே மீட்டுக்கொள்வது 'கசிவில் வருவது காப்பு'. சிக்னல் செயலியின் நெறிமுறையில் இரண்டும் உண்டு, குழுச் செய்திகளைக் காக்க 2023இல் தரமாக்கப்பட்ட எம்.எல்.எஸ். நெறிமுறையிலும் உண்டு. விலகியவர் கேட்க முடியாமை 'விலகலில் வருவது காப்பு'. சேர்ந்தவர் பழையதைத் திறக்க முடியாமை 'சேர்தலில் சென்றது காப்பு'.

இந்த அமைப்பு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய உத்திகளை அடுக்கும்போது 'இறந்தது காத்தல்', 'எதிரது போற்றல்' என்று அடுத்தடுத்து வைக்கிறது. அங்கே பொருள் வேறுதான். ஆனாலும் காலத்தையும் காத்தலையும் இவ்வளவு சுருக்கமாக இணைக்கும் வடிவம் நம்மிடம் கிடக்கும்போது எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 'இறந்தது காப்பு' என்றே வைக்கலாமா என்ற ஆசை எனக்கும் வந்தது. இன்றைய காதுக்கு அது சாவையும், 'எதிரது' பகையையும் நினைவூட்டும் என்பதால் விட்டுவிட்டேன். 'சென்ற வாரம்', 'வரும் வாரம்' என்று சொல்லும் எவருக்கும் என் சொற்கள் புரியும். 'சென்றது' என்பதில் அனுப்பப்பட்டது என்ற சாயலும் சேர்வதை நான் கூடுதல் நன்மையாகவே பார்க்கிறேன்.

> 'காப்பு' மிகப் பொதுவாக இருக்கிறது. இரகசியம் என்ற கூறு எங்கே?

அம்மா, நியாயமான கேள்வி. முடிந்துபோன அமர்வுக்குள் பிறகு யாரும் செய்தியைத் திருத்தி நுழைக்க முடியாது. அங்கே மிஞ்சியிருக்கும் ஆபத்து படிக்கப்படுவது ஒன்றுதான். எனவே 'சென்றது காப்பு' என்றாலே மறைவைக் காப்பதுதான். 'வருவது காப்பு' என்பதில் மட்டும் ஐயம் எழலாம். வரையறையில் 'மறைவைக் காத்தல்' என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும். 'முழுமையான' என்ற அடைமொழியை எந்த வடிவத்திலும் சேர்க்க வேண்டாம். எதுவும் முழுமையாகக் காக்கப்படவில்லை.

தொடருக்குள் நிற்குமா என்று எழுதிப் பார்த்தேன். 'இந்தத் தளம் சென்றது காக்கும் திறவுகோல் பரிமாற்றத்தையே ஏற்கிறது.' 'டி.எல்.எஸ். 1.3இல் மீள் இணைப்பின்போது முதல் செய்தியோடு சேர்த்தே அனுப்பப்படும் தரவுக்குச் சென்றது காப்பு இல்லை. ஆகவே விடைத்தாளை அந்த வழியில் அனுப்பக் கூடாது.' இரண்டும் தடையின்றி ஓடுகின்றன. 'முன்னோக்கு இரகசியத்தன்மையுடைய' என்று இவற்றை எழுதிப் பாருங்கள்.

பட்டியலுக்கான பதிவை இப்படி வைக்கலாம். திருத்தங்களை இந்த வரியின் மேலேயே குறித்து அனுப்புங்கள்:

சென்றது காப்பு: நெடுங்காலத் திறவுகோல் பின்னாளில் கசிந்தாலும், அதற்கு முன் முடிந்த அமர்வுகளின் மறைவு கெடாதிருக்கும் பண்பு. அமர்வுதோறும் புதிய எண்களை உருவாக்கி, பயன்படுத்தியபின் அழிப்பதால் கிடைப்பது. குழுத் தொடர்பில் நிகழ்வைச் சேர்த்தே எழுதுக.

அன்புடன்,
உங்கள் குழு உறுப்பினன்