அப்பா இறந்து வருஷம் திரும்பவில்லை, அம்மாவை ரயிலில் வர்க்கலைக்குக் கூட்டிப் போகலாமா?

செங்கோட்டைப் பையன்:

வணக்கம். பதிவு நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன மாசி மாதம் தவறிவிட்டார். லாரி டிரைவர். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியவர். கடைசி மூன்று வருஷம் டயாலிசிஸ். வாரம் இரண்டு நாள் தென்காசிக்குப் போய் வருவதுதான் எங்கள் குடும்பப் பயணம் என்று ஆகியிருந்தது. காலை ஐந்து மணிக்கு ஆட்டோ, ஒரு பிளாஸ்க், டப்பாவில் இரண்டு இட்லி, திரும்பும்போது அப்பா பேசவே மாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் ஆன புதிதில், 1986 வாக்கில், அப்பா அம்மாவை இங்கிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் கொல்லத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அதற்கப்புறம் அம்மா பாலருவியைத் தாண்டியதில்லை. அப்பா வாரத்துக்கு மூன்று தடவை தாண்டுவார், அம்மா கேட்டால் "லோடு வண்டியில பொம்பளைய ஏத்திட்டுப் போகச் சொல்றியா" என்பார். 2010-ல் அகலப்பாதை வேலைக்காகப் புனலூர் வரைக்குமான ரயிலை நிறுத்தியபோது "புது லைன் வரட்டும், போவோம்" என்றார். லைன் 2018-ல் வந்துவிட்டது. இந்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளிக்கொண்டே போய், அதற்குள் கிரியேட்டினின் ஏறிவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய ராத்திரி அம்மா சொன்னாள்: "ஆடி அமாவாசைக்கு என்னைய ரயில்ல வர்க்கலைக்குக் கூட்டிட்டுப் போ. உங்கப்பாவுக்கு அங்க எள்ளுத் தண்ணி விடணும்." பாபநாசம் இருக்கிறது, குற்றாலம் அதைவிடப் பக்கம், கேரளக் கடற்கரைக்கு எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்டேன். பதில் இல்லை, பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இப்போது ஆடி நெருங்குகிறது. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒத்துக்கொள்ளவே இல்லை. தலைத்திவசம், அதாவது முதல் வருஷத் திதி, முடியாமல் மலை தாண்டக் கூடாதாம். பெங்களூரில் இருக்கும் அண்ணன், கார் எடுத்து வருகிறேன், வர்க்கலை, கன்னியாகுமரி எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறான். அம்மாவுக்குக் காரில் ஏறினால் புளியரை எஸ் வளைவிலேயே வாந்தி வந்துவிடும், அவனுக்கு அது மறந்துவிட்டது. இதில் எங்களுக்குள் பேச்சு தடித்துப்போய், இப்போது வாரிசு சான்றிதழுக்கு எந்தத் தாள் வேண்டும் என்று வாட்ஸப்பில் கேட்டுக்கொள்வதோடு சரி.

முதல் வருஷத்தில் போகலாமா, கூடாதா? போனவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு அறுபது வயது, முட்டி வலி உண்டு.

புளியரைக்காரன்:

தம்பி, அப்பாவுக்கு அஞ்சலி. எனக்குத் தெரிந்து அந்த விலக்கு மலைக் கோயிலுக்குச் சொன்னது. வருஷம் திரும்பாத வீட்டில் சபரிமலைக்கு மாலை போட மாட்டார்கள், பழனிப் படி ஏற மாட்டார்கள், பொங்கல் தீபாவளி கிடையாது. மலையைத் தாண்டுவது என்றால், நம்ம பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்காரன் எவன் தாண்டாமல் இருந்தான்? ரப்பர் வெட்டப் போகிறவன் வருஷம் திரும்பட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அடுப்பு எரியுமா? உங்கள் அப்பாவே அவருடைய அப்பா இறந்த வருஷம் லாரியை நிறுத்திப் போட்டாரா என்று அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். அதோடு 1956 நவம்பர் 1-ந் தேதி வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. எங்கள் தாத்தாவின் நிலப் பத்திரத்தில் போட்டிருப்பது கொல்லம் ஆண்டு, மலையாள வருஷக் கணக்கு. அப்போது மலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று யார் பார்த்தார்கள்.

ஆனால் ஒன்று. முதல் வருஷத்தில் அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கலாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். சில வீடுகளில் மாசாமாசம் இறந்த திதிக்குச் செய்வதோடு சரி, அமாவாசைக் கணக்கு தலைத்திவசத்துக்கு அப்புறம்தான் தொடங்கும். காரியம் செய்துவைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அத்தையிடம் எதிர்த்து எதுவும் பேசாதீர்கள். அவருக்குப் போனது கூடப் பிறந்த அண்ணன்.

கல்லடையாற்றங்கரை:

நான் புனலூரில் இருக்கிறேன், பூர்வீகம் கடையநல்லூர். நம் ஆடி அமாவாசைதான் இங்கே கர்க்கடக வாவு. அன்றைக்கு வர்க்கலைப் பாபநாசம் கடற்கரையில் முட்டி வலிக்காரரை நிற்க வைக்க முடியாது. அவ்வளவு கூட்டம். மழையும் அந்த மாதம்தான், கடலும் சரியாக இருக்காது. வாவு அன்றைக்குத்தான் வைக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை, அங்கே மற்ற நாட்களிலும் பலி, அதாவது இறந்தவருக்குப் பிண்டம், வைத்துத் தருகிறார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ கிடைக்கும். ஜனார்த்தன சுவாமி கோயிலுக்குப் படி ஏறவேண்டும், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம்.

என் மாமனாருக்காகப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் "ஒரிக்கல்", அதாவது ஒரு வேளைதான் அரிசிச் சோறு. விடிகாலையில் குளித்து ஈரத்துணியோடு வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் இலை, தர்ப்பை, எள், பச்சரிசிச் சோறு. பக்கத்தில் என் மச்சினன். சடங்கு செய்துவைத்தவர் பேரைக் கேட்டார், சொன்னான். "நாள்?" என்றார். இவன் கண் கலங்கி "வெள்ளிக்கிழமைங்க, சாயங்காலம் நாலரை மணி இருக்கும்" என்றான். அவர் முழித்தார். மலையாளத்தில் அது பிறந்த நட்சத்திரம்! அந்த நேரத்தில் மாமனார் நட்சத்திரம் எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியவில்லை. பின்வரிசையில் இருந்து மாமியார் "விசாகம், விசாகம்" என்று கத்தினார். முடிந்ததும் ஈரக் கையைத் தட்டிக் காக்காயைக் கூப்பிடச் சொல்வார்கள், அதில் மட்டும் மொழிப் பிரச்சினை இல்லை. அப்பா நட்சத்திரத்தை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் பக்கம் மாதிரி ஆண்பிள்ளைதான் செய்யவேண்டும் என்று இங்கே பார்ப்பதில்லை. பெண்களும் இலை போட்டு உட்கார்ந்து பலி வைக்கிறார்கள். அம்மாவே செய்யலாம்.

மீட்டர்கேஜ் ரசிகன்:

மதுரையில் இருந்து குருவாயூர் போகும் வண்டிதான் உங்களுக்குச் சரி. மதியத்துக்கு மேல் செங்கோட்டைக்கு வரும், மலை முழுக்க வெளிச்சத்தில் பார்க்கலாம். ராத்திரி வண்டியில் போனால் குகை எது, காடு எது என்று தெரியாது. புனலூர் வரைக்கும் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டி முக்கி முக்கித்தான் போகும், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பகவதிபுரம் தாண்டினால் பெரிய குகை, அப்புறம் ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை. எடப்பாளையத்துக்கும் கழுதுருட்டிக்கும் நடுவில் பதிமூணு கண்ணு பாலம், 1904-ல் இந்த லைன் திறந்த காலத்துக் கல் கட்டடம், அகலப்பாதைக்கும் அதையே பலப்படுத்தி ஓட்டுகிறார்கள். அம்மா 86-ல் பார்த்ததில் மாறாமல் நிற்பது அதுதான் என்பேன். கொல்லத்தில் இறங்கி திருவனந்தபுரம் பக்கம் போகும் வண்டியைப் பிடியுங்கள், ஸ்டேஷன் பெயர் வர்க்கலை சிவகிரி. பெருமழை பெய்தால் பாதையில் மண் சரிந்து வண்டி நிற்பதும் உண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தென்காசி மதினி:

தம்பி, அம்மா சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திரும்பப் படியுங்கள். "ரயில்ல" என்று சொல்லியிருக்கிறார். உங்கள் அண்ணன் கார் என்கிறார், நீங்கள் குற்றாலம் என்கிறீர்கள், அத்தை சாத்திரம் என்கிறார்.

எங்கள் அப்பா இறந்து எட்டாவது மாசம் நானும் தங்கையும் அம்மாவை திருச்செந்தூருக்குக் கூட்டிப் போனோம். அம்மா உடைந்துபோய் அழுவார் என்று நினைத்து நான் பையில் மாத்திரை எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவர் ஏறி உட்கார்ந்ததில் இருந்து அப்பாவைத் திட்ட ஆரம்பித்தார். வட்டிக்கு வாங்கினது, என் காதுகுத்துக்கு வராமல் சீட்டாடப் போனது, அவர் அக்கா பேச்சைக் கேட்டுக்கொண்டு ஆடினது, ஒன்று விடாமல். அம்பாசமுத்திரம் தாண்டியும் நிற்கவில்லை. எதிரில் இருந்த வேறொரு அம்மா முறுக்குப் பொட்டலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கதை கேட்க ஆரம்பித்துவிட்டார், எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. திருநெல்வேலி வந்ததும் "மனுசன் கடைசி வரைக்கும் ஒரு நல்ல செருப்பு வாங்கிப் போடல" என்றார். அதற்குத்தான் அழுதார்.

அதனால் உங்கள் அம்மா பேசினால் பேசவிடுங்கள், நடுவில் சமாதானம் சொல்லாதீர்கள். அண்ணனையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவருக்குக் கார் ஓட்டுவதுதான் தெரியும் போல, அப்பா மாதிரி. வந்து சேரச் சொல்லுங்கள், ரயிலில் தண்ணீர் பாட்டிலாவது வாங்கிக் கொடுக்கட்டும்.

செங்கோட்டைப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம், அங்கே பெண்களும் பலி வைக்கிறார்களாமே என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். அப்பா பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வாவு அன்றைக்கு அந்தப் பக்கம் லோடு இறக்கப் போய், கூட்டத்தில் வண்டி நகராமல் மாட்டிக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து, "அங்க பொண்டாட்டிமாரே உக்காந்து சோறு வைக்கா, எனக்கு நீயே வச்சிரு, இவனுங்க ஒழுங்கா செய்ய மாட்டானுங்க" என்று சொன்னாராம். இவனுங்க என்றால் நானும் அண்ணனும். எனக்கு அப்போது பத்து வயதுகூட இருக்காது.

அதை அப்படியே அண்ணனுக்கு எழுதினேன். உடனே கூப்பிட்டுவிட்டான், பத்து நாளைக்கு அப்புறம். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "எந்த வண்டி?" என்றான்.

ஆடி வேண்டாம், ஆவணியில் மழை விட்ட பிறகு ஒரு சாதாரண நாளில் போகிறோம். காரியம் செய்துவைத்தவரும் சரி என்றுவிட்டார். புளியரை அண்ணாச்சி சொன்னபடி அத்தையிடம் நான் எதிர்த்துப் பேசவில்லை, லாரியை நிறுத்தினாரா என்று மட்டும் கேட்டேன். அத்தை பதில் சொல்லாமல், அங்கே தங்கும் இடத்தில் வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டது. ஆக நாலு டிக்கெட்.

அப்பா நட்சத்திரம் அனுஷம். எழுதி வைத்துக்கொண்டேன்.