எலும்பில் தெரியும் காயங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தேம்ஸ்கரை:
பிரிட்டிஷ் மியூசியத்துக்கு மம்மிகளைப் பார்க்கப் போகிறவர்கள் பலர் 64ஆம் அறையை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன். சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் கெபெலைனில் புதைக்கப்பட்ட ஓர் இளைஞன், கால்களை மடக்கி ஒருக்களித்துக் கிடக்கிறான். அவன் உடலை யாரும் பதப்படுத்தவில்லை. சுடுமணலே ஈரத்தை உறிஞ்சிக் காப்பாற்றியிருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ பேர் அவனைப் பார்த்திருக்கிறார்கள். அவன் கொலையுண்டவன் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. 2012இல் சிடி ஸ்கேனை ஆராய்ந்தபோதுதான் முதுகில், இடது தோள்பட்டை அருகே குத்துப்பட்டது வெளிவந்தது. தோள்பட்டை எலும்பு சேதமாகி, அடியிலிருந்த விலா நொறுங்கியிருந்தது. வயது 18 முதல் 21 வரை இருக்கலாம். தடுக்க முயன்றதற்கான காயம் உடலில் எங்கும் இல்லை என்பதால், அவன் எதிர்பாராத நேரத்தில்தான் குத்து விழுந்திருக்கும் என்கிறார்கள். அதை வாசித்தபின் அவனை ‘காட்சிப்பொருள்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மியூனிக்வாசி:
நாங்கள் குடும்பமாக இத்தாலியின் போல்சானோ போய், மலைப்பனியில் உறைந்து கிடைத்த பழங்கால மனிதர் ஏட்சியைப் பார்த்தோம். சின்ன ஜன்னல் ஒன்றின் வழியாகத்தான் பார்க்கலாம், உள்ளே மைனஸ் 6 டிகிரி குளிர். 1991இல் ஆல்ப்ஸில் 3,210 மீட்டர் உயரத்தில் மலையேறப் போன தம்பதி கண்ட உடல். குளிரில் விறைத்துச் செத்திருப்பார், விழுந்து அடிபட்டிருப்பார் என்றெல்லாம் கதைத்தார்களாம். இடது தோளுக்குள் கல் அம்புமுனை இருப்பது 2001இல்தான் எக்ஸ்ரேயில் தெரியவந்தது. கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் கிழிந்திருக்கிறது.

என் மகளைப் பிடித்து நிறுத்தியது வலது கைதான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஆழமான வெட்டு, அது ஆறத் தொடங்கியிருக்கிறது. அப்படியென்றால் சாவதற்குச் சில நாட்களுக்கு முன்பே யாருடனோ கைகலப்பு நடந்திருக்க வேணும். செப்புக் கோடரியை ஒருவரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. களவுக்காகக் கொன்றிருந்தால் அதை விட்டிருப்பார்களா?

கதிர்ப்படம்:
அக்கா சொன்ன அந்த ஆறத் தொடங்கிய வெட்டுதான் என்னை எழுத வைத்தது. எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவன் நான். உயிரோடிருக்கும் உடம்பில் எலும்பு முறிந்தால் சில வாரங்களில் முனைகள் மழுங்கி, சுற்றிலும் புது எலும்பு கட்டும். பழைய முறிவைப் படத்தில் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். சாகும் நேரத்தில் பட்ட அடியில் அப்படி ஆறிய அடையாளம் இருக்காது. புதைந்து காய்ந்தபின் மண் அழுத்தி உடைந்த எலும்பின் விளிம்போ சொரசொரப்பாக, நிறம் வெளுத்துத் தெரியும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ‘படுகொலை’ என்று எழுதுவது தவறு. ஜெபல் சஹாபா என்ற பழைய இடுகாடு பற்றி யாராவது எழுதுங்கள். உலகின் முதல் போர் என்று படித்திருக்கிறேன்.

தேம்ஸ்கரை:
அந்த எலும்புகளும் இதே மியூசியத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன, தம்பி. அஸ்வான் அணை நீரில் நைல் கரைப் பகுதியான நூபியா மூழ்குவதற்குள், 1960களில் தொல்லியலாளர் ஃப்ரெட் வென்டார்ஃப் குழு சூடானில் தோண்டிய இடுகாடு அது. குறைந்தது 13,400 ஆண்டுப் பழமை. 61 பேர். எலும்புகளுக்குள்ளும் அருகிலும் கல்முனைச் சில்லுகள் கிடந்ததால், ஒரே சண்டையில் மாண்டவர்கள் என்று நெடுநாள் நம்பினார்கள்.

ஆய்வாளர் இசபெல் க்ரெவ்கர் குழு அந்த எலும்புகள் அத்தனையையும் நுண்ணோக்கியில் மறுபடி பார்த்து 2021இல் வெளியிட்ட முடிவு வேறு. 41 பேருக்குக் காயம் இருந்தது. அவர்களில் 16 பேருக்கு ஆறிய காயமும் ஆறாத காயமும் ஒரே உடலில்! ஒருமுறை அம்பு பட்டுப் பிழைத்து, எலும்பு கூடி, பிறகு மறுபடி தாக்கப்பட்டவர்கள். ஆண், பெண், குழந்தை என்ற பேதம் இல்லை. ஆகவே இது ஒரு நாள் போர் இல்லை; திடீர்த் தாக்குதல்கள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. பனியுக முடிவில் காலநிலை மாறி, நைல் கரையில் பிழைக்கும் இடம் சுருங்கியது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் அது பொருந்தி வருவதாகவே படுகிறது.

மியூனிக்வாசி:
ஜெர்மனியின் தால்ஹைமில் 1983இல் ஒரே குழியில் கிடைத்த 34 பேரின் எலும்புகளைப் பற்றியும் பேச வேணும். 7,000 ஆண்டுக்கு முந்தைய உழவர்கள், பாதிப்பேர் பிள்ளைகள். பலருக்கு மண்டையின் பின்பக்கத்தில் கல்வாச்சி அடி. ஓடும்போது விழுந்த அடியா, மண்டியிட வைத்து அடித்ததா? தம்பி, மண்டை முறிவுகளைப் பார்த்த அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கோ.