சொந்தமாகக் கட்டும் சிறு விமானத்துக்கு எஞ்சின் பூட்டிய அனுபவம்: மலையகத்தில் கவனிக்க வேண்டியவை

ஹட்டனிலிருந்து:

எஞ்சினைப் பூட்ட எவ்வளவு காலம் பிடிக்கும் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பூட்டுவது பெரிய காரியமே இல்லை. வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரின் இரண்டு இருக்கை விமானத்துக்கு நாங்கள் பூட்டியது ரோடாக்ஸ் 912 யூஎல், 80 குதிரைவலு. மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் அறைதான் பட்டறை. அங்கே ரோலர்களைத் தூக்கிய இரும்பு உத்தரத்திலேயே பாரம் தூக்கும் செயின் புளொக்கை மாட்டி, எஞ்சினைத் தாங்கிச் சட்டத்துக்கு நேராக இறக்கி, அதிர்வைத் தாங்கும் றப்பர்களை வைத்துப் போல்ட்களைச் செருகினோம். மாலைத் தேநீருக்கு முன்னரே முடிந்துவிட்டது.

காலத்தை விழுங்கியது அதன் பிறகு வந்த வேலை. எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் ஒரு தீச்சுவர் இருக்கிறது. பெற்றோல் குழாய், த்ரொட்டில் கேபிள், மின்கம்பி எல்லாம் அதைத் துளைத்துக்கொண்டுதான் போகின்றன. வெறும் றப்பர் வளையத்தால் துளையை மூடினால் தீ அதை எரித்துவிட்டு உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு துளையையும் உலோகத் தகட்டாலும் தீ தாங்கும் பசையாலும் அடைக்க வேண்டும். போல்ட்களுக்குப் பாதுகாப்புக் கம்பி கட்டுவதிலும் ஒரு முறை உண்டு. தலையிலுள்ள துளைக்குள் கம்பியை விட்டு, இரட்டையாக முறுக்கி, பக்கத்துப் போல்ட்டுடன் கட்ட வேண்டும். போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் முறுக்கிய கம்பி இருந்தும் பயனில்லை. ஆயுள் முழுவதும் தொழிற்சாலை இயந்திரங்களோடு வாழ்ந்த எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்துப்போனது.

ஒயில் விடயத்தில் அவசரம் கூடவே கூடாது. இந்த எஞ்சினின் ஒயில் தனித் தொட்டியில் இருக்கிறது. புதிதாகப் பூட்டியதும் குழாய்களில் காற்று நிறைந்திருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் வால்வுப் பகுதி ஒயில் இல்லாமல் ஓடும். இக்னிஷனை அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, எஞ்சின் சுழலும் திசையிலேயே புரொப்பெல்லரைக் கையால் சுற்றினோம். எதிர்த்திசையில் சுற்றினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். தோள் வலிக்கச் சுற்றிய பிறகு ஒயில் அழுத்த முள் பூச்சியத்தை விட்டு மெல்ல நகர்ந்தது. அந்த அசைவைக் கண்ணால் பார்க்காமல் எவரும் ஸ்டார்ட் பொத்தானைத் தொட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரைப் பற்றி. குளிர்ந்த காற்று எஞ்சினுக்கு நல்லதுதானே என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். நம் ஊரில் காற்று குளிர்ந்தது மட்டுமல்ல, மூடுபனியோடு ஈரமாகவும் வருகிறது. காபரேட்டருக்குள் பெற்றோல் ஆவியாகும்போதும் ஒடுங்கிய கழுத்தில் அழுத்தம் குறையும்போதும் வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் இறங்கிவிடக்கூடும். வெளியே 15 பாகை என்றால் உள்ளே உறைநிலைக்கும் கீழே. ஈரம் பனிக்கட்டியாகிக் கழுத்தை அடைக்கும். எஞ்சின் வலுவிழக்கும், நின்றும் போகலாம். அந்தப் பனி உருகி ஓடிவிடுவதால், பிறகு சோதித்தால் பழுதே தெரியாது. ஆகவே சைலன்சரைச் சுற்றித் தகட்டு உறை அடித்து, அங்கிருந்து சூடான காற்றைக் காபரேட்டருக்குக் கொண்டுபோகும் குழாயையும், அதைத் திறக்கும் கேபிளையும் பொருத்தினோம். இழுத்ததும் சுற்று வேகம் சற்றுக் குறைய வேண்டும். குறையாவிட்டால் சூட்டுக் காற்று போய்ச் சேரவில்லை. கீழ்நாட்டில் கட்டுகிறவர் இதைத் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடும். அங்கேயும் அது சரியல்ல, ஈரம் அங்கும் உண்டு. நமக்கோ இது எஞ்சின் பூட்டுவதன் ஒரு பகுதியேதான்.

நுவரெலியாவிலிருந்து:

அண்ணன் எழுதியதோடு ரேடியேட்டர் மூடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 912இன் சிலிண்டர் தலைகளை நீர் குளிர்விக்கிறது. எங்கள் ஊர் 1868 மீற்றர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் எஞ்சினுக்குள் அப்படிக் கொதிப்பதில்லை. ஸ்பிரிங் தளர்ந்த பழைய மூடியைப் போட்டு ஒரு நண்பர் தரையில் ஓட்டியபோது நீர் பொங்கி வழிந்தது. அவர் பம்பைக் கழற்றினார், குழாய்களை மாற்றினார். கடைசியில் புது மூடி போட்டதும் சரியாகிவிட்டது.

பண்டாரவளை, இப்போது ரத்மலானை:

இங்கே, ரத்மலானை விமான நிலையத்துக்கு, வந்து சேரும் மலைநாட்டு வேலைகளில் நான் பார்க்கும் இன்னொன்று இது. காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்து, சூடு ஏறவில்லை என்று, எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று நுழைகிற வாயைச் சிறிதாகவே விட்டுவிடுகிறார்கள். விமானமோ லொறியில் இறங்கி 30 பாகைக்கு மேற்பட்ட வெயிலில்தான் முதல் ஓட்டம் ஓடப்போகிறது. மலையில் எஞ்சின் காட்டிய வெப்ப அளவோடு இரண்டு இடங்களின் காற்று வெப்ப வித்தியாசத்தையும் கூட்டிப் பாருங்கள். கூட்டிய தொகை கைநூலில் உள்ள உச்ச அளவை நெருங்கினால், அங்கேயே தகட்டை வெட்டி வாயை அகலமாக்கிவிடுங்கள். இங்கே வந்து வெட்டுவதென்றால் எடைக் கணக்கையும் மறுபடி போட நேரிடலாம்.

ஹட்டனிலிருந்து:

நல்லதாகச் சொன்னீர்கள் தம்பி. எங்கள் விமானம் இன்னும் ரோலர் அறையில்தான் இருக்கிறது. நாளைக்கே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறோம். காற்று வாயின் அளவை அடுத்து எழுதுகிறேன்.