பேஸ் கேட்காத ஆல்பத்தோடு பேஸ் பழகிய கதை: உங்கள் அனுபவமும் எழுதுங்கள்

அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) ஆல்பத்தை முதன்முதலில் கேட்ட அன்று நான் செய்த காரியம், ஸ்பீக்கரின் பின்மூடியைக் கழற்றியதுதான். பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரைப் பழகத் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. முந்தைய ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'ஸில் குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டனைக் கேட்டுக் கிறங்கித்தான் இந்த வாத்தியத்தையே வாங்கினேன். அதே ஆசையோடு அடுத்ததைப் போட்டால், கிட்டார் அறுக்கிறது, டிரம்ஸ் சொடுக்குகிறது, அடியில் ஒன்றுமே இல்லை. ஒயர் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். விடவில்லை. ஹெட்ஃபோனிலும் அதே கதை. ஈக்வலைசரில் கீழ்ப்பகுதியை முழுக்க ஏற்றியபோது காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் வீங்கியதே தவிர, பேஸ் எட்டிப் பார்க்கவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. 1986 செப்டம்பரில் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் பர்ட்டன் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டுக்கு இந்தக் குழுவில் இதுவே முதல் முழு ஆல்பம். அவர் வாசிக்காமல் இல்லை. எல்லா வாத்தியங்களின் ஒலியையும் அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங்கின்போது அவருடைய பேஸைக் காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்த்திவிட்டார்கள். டிரம்மர் லார்ஸ் உல்ரிச் கேட்டதால்தான் குறைத்தோம் என்று மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்சன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கிட்டாரை ஒட்டியே நியூஸ்டெட் வாசித்ததால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கியிருக்கும் என்பதும் உண்மைதான். எனக்கென்னவோ முதல் காரணமே போதும் என்று தோன்றுகிறது.

கோபத்தில் ஒரு மாதம் அந்த ஆல்பத்தைத் தொடவில்லை. பிறகு ஒருநாள், வேகம் குறைவு என்பதால் அதிலுள்ள 'ஹார்வெஸ்டர் ஆஃப் சாரோ' பாடலைப் போட்டுக்கொண்டு கூடவே வாசித்துப் பார்த்தேன். வேறு ஆல்பங்களோடு பழகும்போது நான் தடுமாறினாலும் அதில் ஏற்கெனவே ஒலிக்கும் பேஸ் என்னை மூடி மறைத்துவிடும். பிரமாதமாக வாசிக்கிறேன் என்று நானே என்னை ஏமாற்றிக்கொள்வேன். இங்கே மறைக்க ஆளில்லை. இம்மி பிந்தினாலும் பல்லிளித்துவிடுகிறது. ஒரு வாரத்தில் என் தாளப் பிழைகள் எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்துபோயிற்று.

உங்களுக்கு இந்த ஆல்பம் எப்படி வந்து சேர்ந்தது?

*

நான் டிரம்ஸ் பக்கம். எனக்கு இதில் 'ஒன்' பாடல்தான். போரில் கை, கால், கண், காது, பேச்சு எல்லாவற்றையும் இழந்து, நினைவு மட்டும் மிஞ்சிய ஒரு சிப்பாயின் கதை அது என்று தெரியாமலேயே பல மாதம் கேட்டேன். மெல்லிய கிட்டாரில் தொடங்கி, பாதியைத் தாண்டியதும் இரட்டைக் கிக் டிரம் இயந்திரத் துப்பாக்கி போல வெடிக்கும் இடம் வருமே, அதை வாசிக்கத்தான் உயிரை விட்டேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நொண்டினேன். பொருள் தெரிந்த பிறகு அந்த இடத்தை வேகப்போட்டியாக வாசிக்க மனம் வரவில்லை. மிக்ஸிங் விஷயத்தில் எங்கள் ஆள் உல்ரிச்சை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனாலும் அந்த வறண்ட, சொடுக்கும் டிரம்ஸ் ஒலி எனக்குப் பிடிக்கும்.

*

எல்லோரும் புகழ்வதால் ஒரு மாற்றுக் குரல். 9 பாடல்கள், 65 நிமிடம். தலைப்புப் பாடல் மட்டுமே ஏறக்குறைய 10 நிமிடம். முதல் முறை கேட்டபோது அதன் நடுவிலேயே தூங்கிவிட்டேன், பொய் சொல்லவில்லை. மேடையில் அதை வாசித்து அவர்களுக்கே அலுத்துப்போய்த்தான் 1991 ஆல்பத்தில் பாடல்களைச் சுருக்கினார்கள். 2018இல் மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோது பேஸையாவது ஏற்றியிருப்பார்கள் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கினேன். அப்படியே விட்டிருந்தார்கள்.

*

எனக்கு 'டு லிவ் இஸ் டு டை'. பர்ட்டன் விட்டுச்சென்ற இசைத்துண்டுகளைக் கோத்து அமைத்தது. கடைசியில் அவர் குறிப்புகளிலிருந்து சில வரிகளை ஹெட்ஃபீல்ட் பேசுவார், பாட மாட்டார். பேஸ் கலைஞரை நினைத்துச் செய்த பாடலிலும் பேஸ் கேட்காது என்பது இந்தப் பதிவைப் படிக்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

*

தொடங்கியவன் மீண்டும். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. முதல் பாடலான 'பிளாக்கண்ட்' எழுதியவர்கள் பட்டியலில் நியூஸ்டெட்டின் பெயரும் இருக்கிறது. அதிலும் அவரைக் கேட்க முடியாது. அவர் பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) வைத்து வாசிப்பவர். நான் பர்ட்டன் பைத்தியம், விரலால்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, அந்தப் பாடலில் மூன்று மாதமாக மண்ணைக் கவ்விக்கொண்டிருக்கிறேன். நேற்றுதான் பிக் வாங்கி வந்தேன்.